நன்றிக்கு ஒதுக்கிய இடம்

2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்கள் ஆடி நான்கை மட்டும் வென்றது. 2008இல் தொடங்கிய தொடரில் அந்த அணி கடைசி இடத்துக்குப் போனது அதுவே முதல் முறை. அதன்பின் அணிக்கு ஆதரவாக எழுந்த பேச்சில் பேட்டிங்கும் பந்துவீச்சும் குறைவாகவே அடிபட்டன. விசுவாசம் என்ற சொல்தான் ஓங்கி ஒலித்தது. மற்ற அணிகள் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும், சென்னை தன் ஆளைக் கைவிடாது, தோற்றாலும் அது ஒரு குடும்பம் என்பது வாதம். சேப்பாக்கத்தோடு நிற்கவில்லை, மாதனூரிலும் இதே பேச்சுதான். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில் நெடுஞ்சாலையோரம் உள்ள இந்த ஊரில் சென்னையின் மஞ்சள் பனியனும் பெங்களூருவின் சிவப்புப் பனியனும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும். ஜூன் மாதம் சிவப்புக்காரர்கள் முதல் கோப்பையைக் கொண்டாடியபோது மஞ்சள் தரப்பின் பதில், எங்கள் தல தோனி எங்களோடு இருக்கிறார் என்பதாகவே இருந்தது. நவம்பரில் 2026க்கான தக்கவைப்புப் பட்டியல் வந்தது. அதிலும் தோனி இருந்தார்.

அந்த அணியின் நெடுநாள் வீரர்கள் சாதித்ததை யாரும் மறுக்க முடியாது. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகள். இரண்டாண்டுத் தடைக்குப் பிறகு 2018இல் திரும்பி வந்தபோது டாடீஸ் ஆர்மி என்று கேலி பேசினார்கள்; இறுதி ஆட்டத்தில் 36 வயது வாட்சன் 117 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்று கோப்பையை வாங்கிக்கொடுத்தார். 2024இல் தோனி சந்தித்தது 73 பந்து, எடுத்தது 161 ரன். பழகிய முகங்கள் இருக்கும் அணியில் பதற்றம் குறையும் என்பதும் உண்மை. இவ்வளவும் சரி.

சிக்கல், அந்தச் சாதனைக்கான நன்றியை எந்தக் காசில் செலுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது.

இங்கிலாந்துக் கால்பந்து சங்கங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரே சங்கத்தில் பத்தாண்டு ஆடியவருக்காக டெஸ்டிமோனியல் என்று தனியாக ஒரு ஆட்டம் நடத்துவார்கள். கூட்டம் திரளும், வசூல் அந்த வீரருக்குப் போகும். இப்போதெல்லாம் பலர் அதை அறப்பணிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்கான பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பத்தாண்டு கணக்கில் வராது. ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளிலும் இதுதான் முறை. முப்பது வருடம் ஷூ தைத்தவருக்குப் பணிக்கொடை சட்டப்படி உண்டு. அதற்காக அவர் உட்கார்ந்த தையல் மெஷினை யாரும் காலியாக வைத்திருப்பதில்லை. நன்றி ஒரு கணக்கு, வேலை வேறு கணக்கு. சென்னை அணி இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்பதை லிவர்பூல் அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டது. மேலாளர் பில் ஷாங்க்லி 1964இலும் 1966இலும் லீக் பட்டத்தையும் 1965இல் எஃப்ஏ கோப்பையையும் வென்ற அணியை உருவாக்கியவர். அந்த வீரர்கள்மேல் அவருக்கு அப்படியொரு பற்று. ரான் யீட்ஸ், இயான் செயின்ட் ஜான், கோல்கீப்பர் டாமி லாரன்ஸ் ஆகியோரை அவர்கள் தளர்ந்த பிறகும் விடாமல் வைத்திருந்தார். ஆண்டுகள் போயின, கோப்பை வரவில்லை. 1970 பிப்ரவரியில் எஃப்ஏ கோப்பைக் காலிறுதியில் இரண்டாம் டிவிஷனைச் சேர்ந்த வாட்ஃபோர்டிடம் 1-0 என்று தோற்ற பிறகுதான் அந்த அணியைக் கலைத்தார். 1967இலேயே வாங்கப்பட்ட ரே கிளெமென்ஸ் அதுவரை ரிசர்வ் அணியில் காத்துக்கிடந்தார். அவர் கோல் காக்க, கெவின் கீகன் முன்னால் ஆட, 1973இல் லீக் பட்டமும் யுஇஎஃப்ஏ கோப்பையும் வந்தன.

அந்தக் கலைப்பில் தப்பிய ஒருவர் இயான் காலகன். லிவர்பூலுக்காக 857 ஆட்டங்கள், இன்றுவரை அந்தச் சங்கத்தின் உச்சம். ஓரத்தில் ஓடும் விங்கராகத் தொடங்கியவர், கால் மூட்டு அறுவைக்குப் பிறகு நடுக்களத்துக்கு மாறி, அங்கே தன் இடத்தைப் புதிதாகச் சம்பாதித்தார். 1974இல் இங்கிலாந்தின் ஆண்டின் சிறந்த வீரர் பட்டமும் அவருக்கே. நெடுநாள் ஆடுவது குற்றமில்லை. நெடுநாள் ஆடியதையே தகுதியாகக் காட்டுவதுதான் குற்றம்.

இனி 2025க்கு வருவோம். மார்ச் 28, சேப்பாக்கம், எதிரணி பெங்களூரு, இலக்கு 197. ஏழு விக்கெட் விழுந்து ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு, அஸ்வினுக்கும் பின்னால் ஒன்பதாவது ஆளாகத் தோனி வந்தார். 16 பந்தில் 30 அடித்தார். அரங்கம் அதிர்ந்தது. அணி 50 ரன்னில் தோற்றது. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூருவிடம் முதல் தோல்வி. இரண்டு நாள் கழித்துக் குவாஹாட்டியிலும் தோல்வி. தோனியின் உடம்பும் மூட்டும் முன்போல் இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் பேட் செய்ய அவரால் முடியாது என்று அன்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே சொன்னார். ஏப்ரல் 5 அன்று டெல்லிக்கு எதிராக முன்கூட்டியே இறங்கினார். 26 பந்தில் 30, அணி 25 ரன்னில் தோற்றது. பின்னால் வந்தால் நேரம் போதவில்லை, முன்னால் வந்தால் வேகம் போதவில்லை. இதே நிலையில் வேறு எந்த வீரர் இருந்தாலும் மூன்றாவது வாரம் வெளியே உட்கார வைத்திருப்பார்கள்.

இது ரசிகர்களையும் கெடுத்தது. ஜடேஜா ஆடிக்கொண்டிருக்கும்போது அவர் அவுட்டாக வேண்டும் என்று சொந்த மைதானமே காத்திருந்தது. அடுத்து வருபவர் தோனி என்பதால். 2023இல் ஜடேஜாவே ஒரு பேட்டியில் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். தன் அணியின் விக்கெட் விழுவதற்குக் கைதட்டும் கூட்டத்தை உருவாக்கிய ஒன்றை விசுவாசம் என்று எப்படிச் சொல்வது?

இதன் செலவை ஏற்றது யார் என்பதுதான் இத்தனை ஆண்டும் பேசப்படாமல் இருக்கிறது. ஏற்றவர்கள் வாய்ப்புக்காகக் காத்திருந்த இளைஞர்கள், அவர்களிலும் தமிழ்நாட்டுப் பையன்கள். நாராயண் ஜெகதீசனை 2018இல் எடுத்தார்கள். முதல் ஆட்டம் 2020இல்தான் கிடைத்தது. பெங்களூருவுக்கு எதிராக 28 பந்தில் 33 எடுத்தார். அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லை. சில நாள் கழித்து, இளைஞர்களிடம் அந்தப் பொறியைப் பார்க்கவில்லை என்றார் தோனி. கேதார் ஜாதவிடமும் பியூஷ் சாவ்லாவிடமும் எந்தப் பொறியைக் கண்டீர்கள் என்று கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் வெளிப்படையாகவே கேட்டார். ஐந்து சீசனில் ஏழு ஆட்டம் ஆடவிட்டு, 2022 நவம்பரில் ஜெகதீசனை விடுவித்தார்கள். அதே மாதம் 21ஆம் தேதி விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக அவர் 141 பந்தில் 277 ரன் அடித்தார். லிஸ்ட் ஏ கிரிக்கெட்டில் உலக சாதனை, தொடர்ந்து ஐந்தாவது சதம்.

சாய் கிஷோர் 2020, 2021 என இரண்டு சீசன் சென்னை அணியில் இருந்தார், ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2022இல் குஜராத் மூன்று கோடிக்கு வாங்கியது. அந்த ஆண்டே இறுதி ஆட்டத்தில் பந்து வீசிக் கோப்பையைத் தொட்டார். 2025இல் 19 விக்கெட். சாய் சுதர்சன் சென்னைப் பையன். 2022 ஏலத்தில் அவர் விலை 20 லட்சம், வாங்கியது குஜராத். 2023 இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தார், 2025இல் 759 ரன்னோடு தொடரிலேயே முதலிடம். வருண் சக்கரவர்த்தி 2024இல் 21 விக்கெட் எடுத்து, சேப்பாக்கத்திலேயே, கொல்கத்தா சட்டையில் கோப்பை வாங்கினார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்து ஆடி மேலே வந்த நடராஜனை முதலில் கண்டுகொண்டது பஞ்சாப்.

மாதனூரில் பாலாற்று மணலில் யார்க்கர் பழகும் பையனுக்குச் சின்னப்பம்பட்டிதான் வழிகாட்டி. அவன் போட்டிருப்பதோ மஞ்சள் பனியன். தோனி வெளியூர்க்காரர் என்பது இங்கே பேச்சே இல்லை. அவரைச் சென்னை தத்தெடுத்தது, அது சரியாகவே எடுத்தது. ஊர்ப் பெயரைத் தாங்கும் அணி, ஊர்ப் பையன் காத்திருக்கும் இடத்தில் நன்றியை உட்கார வைத்தது என்பதே குறை. 2025இல் ஆயுஷ் மாத்ரேயும் டெவால்ட் பிரெவிஸும் வந்ததைச் சொல்லி அணியை ஆதரிப்பவர்கள் உண்டு. மாத்ரே வந்தது கேப்டன் ருதுராஜ் காயம்பட்டதால், பிரெவிஸ் வந்தது குர்ஜப்னீத் சிங் காயம்பட்டதால். பெங்களூருவில் 48 பந்தில் 94 அடித்த பதினேழு வயதுப் பையனுக்குக் கதவைத் திறந்தது தேர்வாளரின் கண் அல்ல, கேப்டனின் முழங்கை.

விசுவாசம்தான் கொள்கை என்றால் அது எல்லாருக்கும் பொதுவாக இருந்திருக்க வேண்டும். 2021 சீசனில் ரெய்னா 12 ஆட்டத்தில் 160 ரன், தோனி 16 ஆட்டத்தில் 114 ரன். அடுத்த ஏலத்துக்கு முன் 40 வயதுத் தோனியைப் பன்னிரண்டு கோடிக்குத் தக்கவைத்தார்கள். 35 வயது ரெய்னா இரண்டு கோடி அடிப்படை விலையில் ஏலத்தில் நின்றார். சின்ன தல என்று கூப்பிட்ட அணி கையே தூக்கவில்லை. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையைப் பறித்துவந்த ஜடேஜா 2025 நவம்பரில் ராஜஸ்தானுக்கு மாற்றப்பட்டார். கிரிக்கெட் காரணம் சொன்னால் இரண்டு முடிவையும் ஏற்கலாம். அந்தக் கிரிக்கெட் காரணம் ஒரு பெயரிடம் மட்டும் செல்லாமல் போவதை ஏற்க முடியாது.

2024 அக்டோபரில் நடந்ததுதான் உச்சம். ஐந்து ஆண்டு சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியர், நாட்டுக்காக ஆடாத வீரர் கணக்கில் வருவார் என்ற பழைய விதி மீண்டும் வந்திருந்தது. இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற கேப்டன் அந்தப் பட்டியலில் நான்கு கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். ஒரு அறிமுக வீரனுக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய இடம் அது. விதி அனுமதித்தது என்பதால் மட்டும் அது நியாயமாகிவிடாது.

சென்னை செய்யக்கூடியது ஒன்று உண்டு. சேப்பாக்கத்தில் தோனிக்காக ஒரு டெஸ்டிமோனியல் ஆட்டம் நடத்தலாம், ரெய்னா, ஜடேஜா, பத்ரிநாத், பிராவோ எல்லாரையும் மஞ்சளில் மறுபடி இறக்கலாம். வசூலைத் திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை போன்ற மாவட்டங்களில் நல்ல ஆடுகளம் போடக் கொடுக்கலாம். ஜடேஜாவைக் கொடுத்து வாங்கிய சஞ்சு சாம்சன் ஒரு விக்கெட் கீப்பர். அவர் கையுறை மாட்டி நிற்கும் ஆட்டத்திலும் தோனியின் பெயர் அணியில் இருந்தால், எந்த வேலைக்காக என்று அணி நிர்வாகம் ரசிகர்களிடம் நேராகச் சொல்ல வேண்டும்.