பெற்றோரின் வயதும் கடற்பறவைகளின் இனப்பெருக்கமும்: வளையமிடும் முறை குறித்த ஒரு மதிப்பீடு

கடற்பறவைகளுள் பல நெடுங்காலம் வாழ்ந்து, தாமதமாக முதிர்ந்து, ஒரு பருவத்தில் ஓரிரு முட்டைகளே இடுபவை என்பதால், பெற்றோரின் வயது குஞ்சு வளர்ப்பின் வெற்றியை எந்த அளவு தீர்மானிக்கிறது என்பதை ஆராய அவை ஏற்றவையாகின்றன. அலையும் அல்பட்ராஸ் ஏறக்குறைய 10 வயதில்தான் முதன்முறை முட்டையிடுகிறது. ஒரே முட்டையைப் பதினொரு வாரம் அடைகாத்து, குஞ்சை வளர்க்க மேலும் ஒன்பது மாதங்கள் செலவிடுவதால், வெற்றி கண்ட இணை மறு ஆண்டில் முட்டையிடுவதில்லை.

முதிர்ந்த பறவையின் வயதைத் தோற்றத்தைக் கொண்டு துல்லியமாகக் கணிக்க இயலாமையால், குஞ்சின் காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டி, ஆண்டுதோறும் அதைக் கூட்டில் தேடிக் காணும் முறையே இத்துறையின் அடித்தளமாயிற்று. இங்கிலாந்தின் நார்த் ஷீல்ட்ஸில் 1954 முதல் கிட்டிவேக் பறவைகளைத் தொடர்ந்த ஜான் கூல்சன், துணையை மாற்றாத பெண் பறவைகள் முன்னதாக முட்டையிட்டு, கூடுதல் வெற்றி கண்டதை நிறுவினார். வயது, அனுபவம், துணையோடான பழக்கம் ஆகியவை வெவ்வேறு காரணிகள் என உணர்த்தியதே இம்முறையின் முதன்மையான சிறப்பு.

ஆயினும், ஒரே பருவத்தில் இளம் பறவைகளையும் முதிய பறவைகளையும் ஒப்பிட்டு முடிவுக்கு வருவதில் பெரும் பிழை ஒளிந்திருக்கிறது. நலிந்த பறவைகள் இளமையிலேயே மடிந்துவிட, எஞ்சும் முதியவை தொடக்கம் முதலே திறன் மிக்கவையாக இருக்கக்கூடும். அந்நிலையில் வெற்றி விகிதம் வயதோடு உயர்வது தனிப்பறவையின் முன்னேற்றத்தைக் குறிக்காது. வடிகட்டல் விளைவு எனத்தக்க இதனை விலக்க, ஒரு பறவையின் முற்காலப் பருவங்களை அதன் பிற்காலப் பருவங்களோடு ஒப்பிடுவதே தக்க வழி. அதற்கோ ஆய்வாளர் ஒருவரின் பணிக்காலத்தையும் விஞ்சும் தொடர்ச்சி தேவைப்படுகிறது. மிட்வே தீவில் 1956இல் வளையமிடப்பட்ட ‘விஸ்டம்’ என்னும் லேசான் அல்பட்ராஸ் 2024இலும் முட்டையிட்டது. முதிர்ந்த பின்னரே வளையமிடப்பட்டதால், அதன் குறைந்தபட்ச வயதை மட்டுமே கூற முடிகிறது. மேலும், நீண்டகால இணைகளில் இருபாலரின் வயதும் ஒருசேர ஏறுவதால், தாயின் பங்கையும் தந்தையின் பங்கையும் பிரித்தறிவது கடினம். வேறிடம் பெயர்ந்த பறவை இறந்ததாகக் கணக்கில் சேர்வதும் உண்டு.

எனவே, தொடக்க ஆண்டுகளில் வெற்றி உயர்கிறது என்னும் முடிவை, தனிப்பறவைத் தொடர்பதிவுகள் தாங்கும் அளவுக்கு ஏற்கலாம். மிக முதிய வயதில் வீழ்ச்சி நேர்கிறது என்னும் முடிவோ, எஞ்சிய சில பறவைகளையே சார்ந்திருப்பதால் கூடுதல் எச்சரிக்கையோடு மதிப்பிடத்தக்கது. இப்பதிவுகளின் பயன் ஆய்வோடு நிற்பதில்லை: நீள்தூண்டில் மீன்பிடியில் சிக்கி, அனுபவமுள்ள அல்பட்ராஸ் மடியும்போது, அதன் துணை புதிய இணையைத் தேடுவதில் பல ஆண்டுகளை இழக்கிறது. இவ்விழப்பைத் தலைக்கணக்கு காட்டாது என்பதால், குறைகள் இருப்பினும் வயதறிந்த பறவைகளின் நெடும்பதிவு பாதுகாப்புப் பணிக்கு இன்றியமையாததாகிறது.