நிழற்படமும் திருத்துங் கையும்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வெளியிடப்பெறும் நினைவு நூலுக்குக் ‘கல்வெட்டு’ என்று பெயர். அது கடதாசியில் அச்சிடப்படுவது. ஆயினும், வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நிறுத்தி அவன் பெயரும் பீடும் எழுதிய பழந்தமிழ் வழக்கின் சாயல் அப்பெயரில் எஞ்சி நிற்கின்றது எனலாம். அந்நூலின் முதற்பக்கத்தில் இறந்தாரின் நிழற்படம் இடம்பெறும். அப்படம் எடுத்தவாறே இருப்பது அரிது. கலியாண வீட்டுக் கூட்டத்திடையே நின்றவரின் முகம் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டிருக்கும். வெறுமேனியராய் இருந்தவருக்குச் சால்வையோ கோட்டோ அணிவிக்கப்பட்டிருக்கும். பின்னே நீல வானும் வெண்முகிலும் வந்து சேர்ந்திருக்கும். காண்போர் எவரும் இதனைப் பொய்யென்று பழிப்பதில்லை. பழித்தலும் முறையன்று.

அதே ஸ்ரூடியோவிற்கு, அதே கணினியின் முன்னே, வேறொரு வகைப் படமும் வந்து சேர்கின்றது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். சில நாள்களில் வவுனியாவிலும், அடுத்த மாதம் முல்லைத்தீவிலும் அவ்வாறே மக்கள் அமர்ந்தனர். ஆண்டுகள் பல கடந்தன. அமர்ந்திருந்த பெற்றோருட் பலர் இறந்தும் போயினர். அவர்தம் கையில் இருந்தவை நிழற்படங்களே. மாலை சூட்டிய படம் இறந்தாரின் படம் என்பது தமிழர் யாவரும் அறிந்த குறி. பிள்ளையின் படத்துக்கு மாலை சூட்ட மறுக்குந் தாய், அம்மறுப்பினாலேயே ஒன்றைக் கூறிவிடுகின்றாள்: இவன் இறந்தான் என்று எவரும் எனக்குக் காட்டவில்லை, ஆதலின் எங்கே என்று கேட்கின்றேன்.

முன்னது நினைவுப் படம். பின்னது சான்றுப் படம். இரண்டனையும் தீண்டுவது ஒரே கை. நிழற்படத்தைத் திருத்துதல் தகுமோ தகாதோ என்னும் வழக்கினை, எவ்வளவு மாற்றப்பட்டது என்ற அளவுகொண்டு தீர்க்க முற்படுவோர் பலர். அவ்வளவுகோல் இங்கே பயன்படாது. கல்வெட்டுப் படத்தில் முகமொழிந்த யாவும் மாறினும் குற்றமில்லை. சான்றுப் படத்தில் ஒரு மச்சம் மறைந்தாலும் குற்றமுண்டு. ஒரு படம் தன்னைக் காண்பவனுக்கு யாது வாக்களிக்கின்றது என்பதனையே வினாவுதல் வேண்டும்.

திருத்தாத படமே மெய்ப்படம் என்பாரின் கட்சியை முதற்கண் நோக்குதல் தகும். அக்கட்சி கேட்பதற்கு இனியது. ஆயின் நிழற்படம் உண்டாகும் முறையை அறியாதது. டிஜிற்றல் கமராவில் ஒளியை ஏற்கும் நுண்புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நிறத்தையே அறியும். கொடக் நிறுவனத்தின் பிறைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், புள்ளிகளுட் பாதி பச்சைக்கும், காற்பங்கு சிவப்புக்கும், காற்பங்கு நீலத்துக்கும் உரியன. இம்முறையில் எடுத்த படத்தின் ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிறங்களுள் இரண்டு, அயற்புள்ளிகளை நோக்கிக் கணித்து நிரப்பப்பட்டவை. கைத்தொலைபேசிகள் பல அதற்கு மேலுஞ் சென்று, எடுத்தவர் கேளாமலே முகத்தை மினுக்கித் தருகின்றன. ஆகவே மாற்றம் கமராவினுள்ளேயே தொடங்கிவிடுகின்றது.

பிலிம் இருந்த காலத்தும் நிலை வேறன்று. இருட்டறையில் அச்சிடும்போது ஒரு பகுதியைக் கையால் மறைத்து வெளிறவிடுதலும், மற்றொரு பகுதிக்கு ஒளியை மிகுவித்துக் கருக்கவிடுதலும் அன்றாடத் தொழில்களாம். பிரெஞ்சுக் கலைஞர் கஸ்ரவ் லெ கிறே 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகற்றிவ்வும் வானுக்கு மற்றொரு நெகற்றிவ்வும் கொண்டு படங்கள் ஆக்கினார். அக்காலத்து இரசாயனப் பூச்சுக்கு இரண்டனையும் ஒருங்கே பதிக்கும் வலி இருக்கவில்லை. நெகற்றிவ்வின்மேற் கூரிய பென்சில் கொண்டு முகச்சுருக்கம் போக்கும் ‘டச்சிங்’ வேலை தமிழர் ஸ்ரூடியோக்களில் நெடுங்காலம் நடந்தது. 1990இல் போட்டோஷொப் என்னும் மென்பொருள் விற்பனைக்கு வந்தபோது வேலை விரைவு பெற்றது. அழகுபடுத்தும் விருப்பமோ முன்னமே இருந்தது.

இலங்கையில் இருட்டறைத் திருத்தத்தைக் கலையாக உயர்த்தியவருள் தலையாயவர் லயனல் வென்ற் (1900–1944). சட்டம் பயின்று, பியானோவில் வல்லவராய், ‘43ஆம் குழு’ என்னும் ஓவியர் கூட்டத்தின் தோற்றத்துக்குந் துணைநின்ற இவர், படம் உருவாகும் வேளையில் மீண்டும் ஒளிபடவிட்டு, ஒளியும் இருளும் தலைமாறச் செய்யும் முறையையும், பல படங்களை ஒன்றாக்கும் முறையையும் கையாண்டார். அம்முறையில் ஆக்கிய உருவங்களில் உடலின் விளிம்பு ஓவியன் இட்ட கோடுபோலத் தெரியும். அங்கே காண்பவன் இவர் யார் என்று கேளான், வடிவத்தையே நோக்குவான். இன்னாரென்று காட்டுவதாக அப்படம் வாக்களிக்கவில்லை. ஆதலின் அது யாரையும் ஏமாற்றவுமில்லை. ஆயினும் அவர் ஆக்கியவை யாவும் ஒரு தரத்தன என்று கொள்ளற்க. ஒட்டிணைத்த படங்கள் சிலவற்றில் சாதுரியம் முன்வந்து நிற்கின்றது. மீனவரையும் ஆடுவோரையும் இயல்பான ஒளியில் எடுத்து, அச்சிடும்போது மட்டும் நிழலை ஆழப்படுத்திய படங்களே அவர் பெருமைக்குச் சான்று. அவர் மறைந்தபின் நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டமையால், அவர் தங் கையால் ஆக்கிய அச்சுப்படிகளே எஞ்சின. திருத்திய படமே இன்று மூலமாய் நிற்கும் விந்தையை இங்கே காணலாம்.

கலைக்கு உள்ள இவ்வுரிமை செய்திக்கு இல்லை. அசோசியேற்றட் பிறெஸ் நிறுவனத்துக்குப் படமளித்து, 2013இல் புலிற்சர் பரிசு பெற்ற குழுவில் ஒருவராய் இருந்தவர் நார்சிசோ கொன்ரேராஸ். சிரியாவில் எடுத்த படமொன்றின் மூலையில், தோழர் ஒருவரின் வீடியோக் கமரா கிடந்தது. அதனை அவர் அழித்துவிட்டார். 2014இல் இதனை அறிந்த நிறுவனம் அவரோடு தொடர்பை அறுத்தது. அவரது ஏறக்குறைய ஐந்நூறு படங்களை ஆராய்ந்தபோது வேறொன்றிலும் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. கமரா கிடந்தமை போரின் போக்கை மாற்றுவதன்று. ஆயின் தண்டம் கடுமையாயிற்று. மிகை என்று கருதுவோர் உளர். வன்னியில் வாழ்வோர் அங்ஙனங் கருதுதல் எளிதன்று. 2009 ஓகஸ்ற்றில், வன்னிப் போரின் இறுதிக்காலத்தது எனக் கூறி, பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒரு காணொளியை ஒளிபரப்பியது. புனைந்தது என்று அரசு மறுத்தது. 2010 ஜனவரியில், ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், தடய மருத்துவம், காணொளிப் பகுப்பாய்வு, சுடுகலன் ஆகிய துறைகளைச் சேர்ந்த மூன்று வல்லுநரின் ஆய்வை முன்வைத்து, அது மெய்யானதாகவே தோன்றுகின்றது என்றார். காட்டப்பட்டது யாது என்பதனினும், இதிற் கை பட்டதா என்பதே நெடுநாள் வழக்காயிற்று. அத்தகைய மண்ணில், அன்பினாற் செய்த திருத்தமும் மறுப்பவன் நுழைவதற்கு ஒரு வாயிலாகும்.

இனி, காணாமலாக்கப்பட்டோர் படங்கள் எவ்வாறு கிடைத்தன என்பதை நினைத்தல் வேண்டும். 2008இன் பிற்பகுதி முதல் 2009 மே வரை, கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை, இடம்விட்டு இடம் பெயர்ந்தோர் அல்பங்களைச் சுமந்து செல்லவில்லை. எஞ்சியவை அடையாள அட்டையின் சிறுபடம், பாடசாலைக் கூட்டுப் படம், வெளிநாட்டு உறவினருக்கு முன்னர் அனுப்பிய ஒரு பிரதி, இவை போல்வனவே. அவற்றைப் பெருப்பித்து லமினேற் செய்து ஏந்தினர். 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2014 ஜனவரியில் கிளிநொச்சியில் அமர்ந்தபோதும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் தோன்றிய பின்னரும் அப்படங்களே பேசின.

இவற்றுள் மதிப்புமிக்கது எது? முத்திரையின் வளைவு ஒரு மூலையிலும், கம்பி குத்திய துளை மற்றொரு மூலையிலும் தெரிய, பெருப்பித்தமையாற் புள்ளி புள்ளியாய்ச் சிதறிய அடையாள அட்டைப் படமே என்க. அழகற்றது, ஆயின் எங்கிருந்து வந்தது என்பதைத் தானே சொல்லும். மங்கிய நிறத்தை மீட்டலும், முகத்துக்குப் புறத்தே ஓடிய வெடிப்பை அடைத்தலும், வெளிச்சத்தைச் சமன்செய்தலும் அதற்கு ஊறு செய்யா. புருவத்துத் தழும்பை மெழுகுதலும், ஒரு கண் சிதைந்ததென்று மறுகண்ணைப் பிரதிசெய்து திருப்பி ஒட்டுதலும் ஊறு செய்யும். மனித முகத்தின் இருபாதியும் ஒத்தனவல்ல. தாய் தன் பிள்ளையை அறிவது அவ்வொவ்வாமையினாலேயே.

செயற்கை நுண்ணறிவு கொண்டு பழைய படத்தைத் தெளிவாக்கும் கருவிகள் வந்தபின் இடர் பெருகிற்று. அவை மங்கிய முகத்தில் ஒளிந்திருப்பதை வெளிக்கொணர்வதாகப் பலர் எண்ணுகின்றனர். செயல் வேறு. பல்லாயிரம் அயலார் முகங்களைப் பயின்ற கருவி, இவ்விடத்தில் இத்தகைய கண் இருத்தல் கூடும் என ஊகித்து, ஒரு கண்ணை எழுதிவைக்கின்றது. 2020இல் அமெரிக்கடியூக் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ‘பல்ஸ்’ என்னும் கருவியிடம் பராக் ஒபாமாவின் மங்கலாக்கிய படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தெளிவாக வரைந்து தந்தது. உலகறிந்த முகமாதலால் பிழை உடனே புலப்பட்டது. முல்லைத்தீவுச் சிற்றூர் இளைஞன் ஒருவனின் முகத்தில் அப்பிழை நேரின் யார் அறிவார்? தாய் அறிவாள். ஆயின் ஆண்டுகள் செல்லச் செல்ல, நாள்தோறும் நோக்கும் படம் நினைவையே தன் வழிக்கு இழுத்துக்கொள்ளும்.

ஊகம் முற்றாகத் தள்ளத்தக்கது என்பதும் இதன் கருத்தன்று. அமெரிக்காவில் காணாமற்போன சிறுவரைத் தேடும் தேசிய நிலையம், பல ஆண்டுகளுக்கு முன் மறைந்த பிள்ளை இன்று எவ்வாறிருக்கக்கூடும் என்று வரைந்து வெளியிடுகின்றது. அது வயதை முன்னோக்கிக் கணித்த படமென்று அப்படத்திலேயே குறிக்கப்படும். பழைய படமும் அருகில் இருக்கும். 2009இல் பதினெட்டு வயதினன் இன்று முப்பதைக் கடந்தவன். அவனைத் தேடுவோர்க்கு அத்தகைய படம் உதவலாம், மூலத்தின் இடத்தை அது பறிக்காதவரை.

மற்றொரு வகையும் உண்டு. பின்னர் நடந்த தங்கையின் திருமணப் படத்தில், காணாமலாக்கப்பட்ட அண்ணனை இணைத்துத் தருமாறு கேட்போர் உளர். இவ்வகைப் படங்களை இரசனை குறைந்தவை என்று நகைத்து ஒதுக்குதல் கல்வி கற்றோர் சிலரின் வழக்கம். அவர் நன்கு நோக்கவில்லை போலும். ஒளி மணமக்கள்மேல் இடப்புறத்திலிருந்து விழ, அண்ணன்மேல் நேரே விழுகின்றது. தங்கை முதிர்ந்திருக்க, மூத்தவன் இளையவனாய் நிற்கின்றான். தொழிற்றிறன் குறைந்த அப்பொருத்தமின்மை, இவன் அன்று இங்கே இல்லை என்பதைக் காண்பார்க்கு மறையாது உரைக்கின்றது. ஒளியையும் நிழலையும் பிழையறப் பொருத்தி, வயதையுங் கூட்டித் தரவல்ல கைகள் இன்று உள. அவர் ஆக்கும் படம் கண்ணுக்கு நிறைவு தரும். ஆயின் வெற்றிடம் அதில் இல்லை.

கூட்டுப் படத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுக்கும்போது, அவர் தோள்மேல் அருகில் நின்றவரின் கை எஞ்சிவிடுவதுண்டு. ஸ்ரூடியோக்காரர் அதனை அழுக்கெனக் கருதி முதலில் அழிப்பர். சட்டையின் நிறத்தை அவ்விடத்தில் நிரப்புவர். கல்வெட்டுக்காயின் அவ்வாறே செய்க. கந்தசுவாமி கோயில் முன்றலுக்குச் செல்லும் படமாயின் அந்தக் கையை விட்டுவைத்தலே தக்கது. அது ஒரு நண்பனின் கையாக இருக்கலாம். அந்த நண்பன் உயிரோடிருந்தால், படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று சொல்லக்கூடியவன் அவனே.