நாம நினைவு: ஜப்ஜியும் ஐந்தெழுத்தும்

சமயங்களை ஒப்புநோக்கும் கட்டுரைகள் நம்மிடையே பெருகியுள்ளன. அவற்றுட் பல ஒரே முடிபிற் சென்று நிற்கின்றன. எல்லாச் சமயங்களும் இறைவன் திருநாமத்தைச் செபிக்குமாறு பணிக்கின்றன. ஆதலின் எல்லாம் ஒன்றே என்பது அம்முடிபு. சீக்கியரின் நாம சிமரனையும் சைவரின் திருவைந்தெழுத்தையும் இம்முறையில் ஒருங்கு நிறுத்துவோர், இரண்டையும் கல்லாமலே ஒன்றாக்கி விடுகின்றனர் என்பது என் துணிபு. ஒற்றுமை உண்டு, ஆயின் அஃது அவர் காட்டும் இடத்தில் இல்லை.

'சிமரன்' என்பது 'ஸ்மரணம்' என்னும் வடசொல்லின் பஞ்சாபி வடிவம். நினைத்தல், மறவாதிருத்தல் என்பன அதன் பொருள். வாயாற் சொல்லுதல் அதற்குத் துணையேயன்றி அதுவே ஆகாது. இதனை நன்குணர்த்துவது குரு நானக் (1469–1539) அருளிய ஜப்ஜி. ஐந்தாங் குருவாகிய அர்ஜுன் 1604ஆம் ஆண்டில் தொகுத்த ஆதி கிரந்தத்தின் முதற்கண் வைக்கப்பெற்ற நூல் அது. சீக்கியர் வைகறையில் ஓதுவது. முகப்பும் முடிவும் நீங்கலாக 38 பௌரிகள் அதன்கண் உள. பௌரி என்பது ஏணிப்படி. நூலமைப்பும் பெயருக்கேற்பவே படிப்படியாக ஏறிச் செல்கின்றது.

அவற்றுள் 8 முதல் 11 வரையுள்ள நான்கு பாடல்கள் கேட்டலின் பயனை விரிப்பன. 12 முதல் 15 வரையுள்ளவை, கேட்டதனை உள்ளங்கொண்டு ஏற்றலின் பயனைக் கூறுவன. செபம் என்றே பெயர்பூண்ட ஒரு நூல் நாவைப் பேசாது செவியை முன்னர்ப் பேசுதல் வியப்பன்றோ? நாமம் மனிதன் படைத்து உச்சரிப்பதொன்றன்று. முன்னரே ஒலித்துக் கொண்டிருப்பது. அதற்குச் செவி கொடுத்தலே அவன் முதற்கடன் என்பது நானக்கின் கருத்து. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நம் சித்தாந்தம் வகுத்த முறையைப் பயின்றார்க்கு இவ்வைப்பு முறை புதிதாகத் தோன்றாது. உண்மையான ஒற்றுமை இங்கேதான் உளது. மூன்றாங் குருவாகிய அமர்தாசரும், திருநாமத்தை எல்லோரும் வாயாற் சொல்லுகின்றனர், குருவருளால் அது நெஞ்சிற் குடிகொண்டாலன்றிப் பயனில்லை என்னும் கருத்தினை வற்புறுத்தியுள்ளார்.

இனி, வேறுபாட்டுக்கு வருவோம். சீக்கியர் போற்றும் நாமம் எது? இன்று 'வாகிகுரு' என்னும் சொல்லே அவர்தம் நாவில் மிக்கு வழங்குகின்றது. ஆயின் ஆதி கிரந்தத்தில் அச்சொல் பட்டர் என்னும் புலவர் பாடல்களிலேயே காணப்படுகின்றது. குருமார் தம் பாடல்களில் இராமன், ஹரி, கோவிந்தன், அல்லா, சாகிப் எனப் பல பெயர்களை எடுத்தாள்கின்றனர். 'நாமம்' என்று அவர் கூறுவது ஒரு சொல்லன்று. எங்கும் நிறைந்த இறைவனின் இருப்பையே அப்பெயராற் சுட்டுகின்றனர்.

நம் நெறியோ எழுத்தை எண்ணி வரையறுத்தது. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனின் ஒன்பதாம் அதிகாரம் முழுவதையும் ஐந்தெழுத்துக்கே உரிமையாக்கினார். நகரம் திரோதம், மகரம் மலம், சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர். இவற்றின் வரிசை மாறின் உயிரின் நிலையே மாறும். மலமும் திரோதமும் முன்னிற்க ஓதுவதற்கும், சிவமும் அருளும் முன்னிற்க ஓதுவதற்கும் உள்ள தூரம் பந்தத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரமே. ஐந்து எழுத்துள் ஒரு தத்துவம் முழுவதும் அடங்கிய இந்நுட்பத்துக்கு நிகரானதை நானக்கிடம் தேடுதல் வீண். அவ்வாறே, எந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும் அவருடைய அகலத்தை உமாபதியாரிடம் தேடுதலும் வீணே. ஒன்றின் குறையன்று மற்றதன் நிறைவு.

இவ்விடத்தில் நம் தம்பலகாமம் என் நினைவுக்கு வருகின்றது. 7ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தை இராமேச்சரத்தில் இருந்தவாறே பாடினார் என்பது சேக்கிழார் வாக்கால் அறியப்படும். கடல் இடைநிற்க, கண்ணாற் காணாத தலத்தை நினைந்து பாடிய பாட்டு அது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோயிலை இடித்தனர். அதன் பின்னர்க் கோணேசர் வழிபாடு தம்பலகாமத்து வயல்களின் நடுவே ஆதிகோணநாயகர் கோயிலில் நிலைபெற்றது என்பது மரபு. பஞ்சாபிலும் ஒத்ததொரு நிகழ்ச்சி உண்டு. 1762இல் அகமது ஷா அப்தாலி அமிர்தசரசு ஹரிமந்திரைத் தகர்த்தான். இரண்டிடத்தும் கல் வீழ்ந்தது, பாடல் வீழவில்லை. எனினும் சீக்கியர்க்குக் கிரந்தமே குரு. நமக்கோ மூர்த்தியும் வேண்டியிருந்தது. நம் முன்னோர் பெயரை மட்டும் காத்து அமையவில்லை. பெயருக்குரியவனுக்கு வயல் நடுவே ஓர் இல்லமும் அமைத்தனர். இதனைத் தளர்ச்சியென்று யான் கொள்ளேன்.

நானக் சங்கலதீபம் சென்று சிவநாபன் என்னும் மன்னனைக் கண்டாரென ஜனம்சாகி நூல்கள் கூறுகின்றன. அதனை நம் தீவின் வரலாறாக எடுத்தாள நம்மவர் சிலர்க்கு ஆசை. அந்நூல்கள் பக்தியால் எழுந்தவை. அம்மன்னனை இலங்கை அரசர் வரிசையில் வைத்து உறுதிசெய்ய இயலவில்லை. அவர் வந்தாராயினும் வாராராயினும் ஜப்ஜியைக் கற்பதற்கு அது தடையாகாது.

யான் அதனினும் பொருட்படுத்துவது வேறொன்று. நானக் தம் இறுதிக் காலத்தைக் கர்த்தார்பூரில் உழவு செய்து கழித்தார். நாமம் நினைத்தல், உழைத்துண்ணல், பகிர்ந்துண்ணல் என்னும் மூன்றையும் சீக்கியர் பிரித்து நோக்குவதில்லை. கவிராசவரோதயன் பாடிய கோணேசர் கல்வெட்டைப் படிப்போர், அது திருத்தொழும்பு செய்வோர்க்குரிய கடமைகளை வகுத்து உரைப்பதைக் காண்பர். கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் நெல்லும் கோணேசர் பூசையும் அங்கே ஒரு கட்டுக்குள் வருகின்றன. நம் மாணவர் கல்லூரி வழிபாட்டிற் பதிகத்தை ஓதும் விரைவைக் கேட்கும்போது, பாட்டு முடிந்தால் வகுப்புக்குச் செல்லலாம் என்னும் அவசரமே அதில் ஒலிக்கின்றது. ஜப்ஜியின் எட்டாம் பௌரியை அவர்க்குப் பாடமாக வைக்க வேண்டும்; பின்னர்த் திருவருட்பயனின் ஒன்பதாம் அதிகாரத்தையும் வைக்க வேண்டும். வரிசை அவ்வாறே இருத்தல் நலம். ஏனெனில் முதலிற் கூறியது செவியைத் திறக்கும் நூல்.