கத்தரி பிடித்த கைகள்

படத்தொகுப்பின் அடிப்படை உத்திகளைப் பாடநூல்கள் இயக்குநர்களின் பெயரில் பட்டா போட்டு வைத்திருக்கின்றன. இன்டர்கட் கிரிஃபித்துக்கு, மோதும் மான்டாஜ் ஐசன்ஸ்டைனுக்கு, ஜம்ப் கட் கோதாருக்கு. மேசையில் குனிந்து பிலிமை வெட்டி ஒட்டியவர்களுக்கு அதில் ஒரு சென்ட்கூடக் கிடையாது. அவர்களில் பலர் பெண்கள்.

தொடக்கக் கதை பழகியதுதான். லூமியேர் சகோதரர்கள் ஒரே ஷாட்டில் படத்தை முடித்தார்கள். கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ (1916) நான்கு காலங்களை ஒரே படத்தில் பின்னியது. பிலிம் ஒட்டும் வேலை அன்று தையலோடு சேர்த்துப் பெண்கள் வேலையாக எண்ணப்பட்டது. அப்படிப் பிலிம் ஒட்டுபவராக கிரிஃபித்திடம் சேர்ந்த மார்கரெட் பூத், பின்னாளில் எம்ஜிஎம் நிறுவனத்தின் தலைமைத் தொகுப்பாளராகி 1968 வரை அதன் படங்களின் வேகத்தைத் தீர்மானித்தார். சோவியத் மான்டாஜ் பற்றி எழுதிக் குவித்தவர்கள், வெர்டோவ் இயக்கிய ‘கேமராவுடன் ஒரு மனிதன்’ (1929) தன் தொகுப்பு மேசையையே காட்டுவதைப் போகிற போக்கில் கடந்துவிடுகிறார்கள். ஓடும் குதிரை உறைகிறது. முகங்கள் அசையாமல் நிற்கின்றன. தொகுப்பாளர் எலிசவேட்டா ஸ்விலோவா துண்டுகளைத் தேர்ந்து ஒட்டியபின் அவை உயிர்பெறுகின்றன. வெர்டோவின் கோட்பாடுகள் அனைத்தையும்விட இந்தச் சில நொடிகள் தெளிவானவை.

அறுபதுகளில்தான் கதை சூடுபிடிக்கிறது. கோதாரின் ‘பிரெத்லெஸ்’ (1960) படம் நீளமாகிப்போனதால், ஷாட்டுகளின் நடுவிலிருந்தே துண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. தொடர்ச்சி எகிறியது, அந்த எகிறலே ஜம்ப் கட். தொகுத்தவர் செசில் தெக்யூஜிஸ். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் (1962) தீக்குச்சி ஊதி அணைக்கப்பட, பாலைவனச் சூரியோதயம் விரிகிறது. அந்த இடத்தில் திட்டமிடப்பட்டது டிசால்வ், ஒரு காட்சி மெல்லக் கரைந்து அடுத்ததாக மாறுவது. ஆனால் வேலைப் பிரதியில் டிசால்வ் என்பது பென்சில் குறி மட்டுமே, லேபில்தான் அது உருவாகும். அதனால் திரையிட்டபோது நேரடி வெட்டாகவே ஓடியது. இயக்குநர் டேவிட் லீனும் தொகுப்பாளர் ஆன் கோட்ஸும் அதையே வைத்துக்கொள்ள முடிவு செய்தார்கள். இன்னும் கச்சிதமாக்கச் சொன்னார் லீன். கோட்ஸ் எடுத்தது இரண்டே ஃபிரேம், ஒரு நொடியின் பன்னிரண்டில் ஒரு பங்கு. மேட்ச் கட் பற்றிப் பேசுவோர் தீக்குச்சியையும் சூரியனையும் சொல்கிறார்கள், அந்த இரண்டு ஃபிரேமைச் சொல்வதில்லை.

தொகுப்பாளர் டீடி ஆலன் இன்னும் துணிந்தவர். அடுத்த காட்சியின் ஒலியை, முந்தைய காட்சியின் படம் முடியுமுன்னரே கேட்கவைப்பது அவருடைய கைவண்ணமாக அறியப்பட்டது. இன்றைய மென்பொருளில் ஒலித்தடத்தை இழுத்துவிட்டால் போதும். அன்று படமும் காந்த ஒலிநாடாவும் தனித்தனிச் சுருள்கள். இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வெட்டி, பிறகு ஒத்திசைவு பிசகாமல் ஓட்ட வேண்டும். ‘போனி அண்ட் கிளைட்’ (1967) படத்தின் இறுதித் துப்பாக்கிச் சூட்டில் வெவ்வேறு வேகங்களில் எடுத்த ஷாட்டுகளை அவருடைய தொகுப்பு அறை அடுக்கியது. அதற்குமுன் வரும் பார்வைப் பரிமாற்றம், சில ஃபிரேம்களே நிற்கும் இரு முகங்கள், குண்டுகளைவிடக் கூர்மையானது. அந்தப் படம் பத்து ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. படத்தொகுப்பு அந்தப் பத்தில் இல்லை.