முற்றமும் வளவும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆம் தேதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து, 25ஆம் தேதி, இந்தியா முழுவதும் பொது முடக்கம் அமலுக்கு வந்தது. கொரோனா என்ற ஒரே நோயின் பயத்தால், ஏறக்குறைய ஒரே வாரத்தில், புதுச்சேரியிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்குள் அடைபட்டு, இருப்பதைக் கொண்டு காலம் தள்ளவும், கொல்லையிலோ மாடியிலோ எதையாவது விதைத்துப் பார்க்கவும் தலைப்பட்டன. காரியம் ஒன்றுதான், ஆனால் அதைச் செய்த விதமும், அதற்கு அவர்களைப் பழக்கிய சரித்திரமும், பின்னர் அது ஓரிடத்தில் நிலைத்து மற்றோரிடத்தில் மறைந்துபோன காரணமும் வேறு வேறு. அந்த வேற்றுமையை நம் புதுச்சேரிக்காரர் சற்று நின்று யோசிக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

புதுச்சேரி நகரம் நெடுங்காலமாகவே கடைத்தெருவை நம்பி வாழ்வது. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த இவ்வூரின் நேர்கோட்டுத் தெருக்களில், தமிழர் பகுதி வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, வாசலில் தாழ்வாரமும் திண்ணையும், உள்ளே முற்றமும், கடைசியில் கிணற்றடியுமாக நீண்டு செல்பவை. உயர்ந்த மதிலுக்குள்ளே விசாலமான தோட்டம் வைத்துக்கொள்ளும் பாக்கியம் பெரும்பாலும் வெள்ளையர் பகுதிக்கே வாய்த்தது. குடிநீர்கூட வெளியிலிருந்து வந்து சேர்ந்ததுதான்: மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்து நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டதன் ஞாபகார்த்தமாகவே பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. 1826இல் அமைந்த தாவரவியல் பூங்காவும், மலர், காய், கனிக் கண்காட்சியைக் காணத் திரளும் ஜனக்கூட்டமும், செடிகொடிகளில் நமக்குள்ள பிரியத்துக்குச் சாட்சி. ஆயினும் அந்தப் பிரியம் அடுப்பங்கரை வரை வரவில்லை. கத்தரிக்காய்க்கும் கீரைக்கும் குபேர் மார்க்கெட்டே கதி என்றிருந்தோம்.

ஆகவே, கூட்டத்தைக் குறைக்கும்பொருட்டுக் காய்கறிக் கடைகளைக் குபேர் மார்க்கெட்டிலிருந்து அப்புறப்படுத்தியபோது நகரத்துக் குடும்பங்களுக்கு உண்டான திகைப்பு சாமானியமன்று. கடலிலிருந்தும் வரத்து நின்றது. வழக்கமான மீன்பிடித் தடைக்காலம் அவ்வாண்டு ஏப்ரல் 15 முதல் மே 31 வரை எனச் சுருக்கப்பட்டதென்றாலும், அதற்கு முன்பே முடக்கம் படகுகளைக் கரையேற்றிவிட்டிருந்தது. நாற்றங்காலும் விதைக்கடையும் மூடிக்கிடந்த அந்நாட்களில், அஞ்சறைப்பெட்டியே விதைப்பெட்டியாயிற்று. வெந்தயத்தை இரவில் ஊறவைத்து மறுநாள் தூவினார்கள். மூன்று நான்கு நாட்களில் முளைத்து, மூன்று வாரத்தில் கிள்ளுவதற்குக் கீரை கிடைத்தது. கொத்தமல்லி விதையை முழுசாகப் போட்டுவிட்டு முளைக்கவில்லையே என்று வருந்தியவர்களுக்கு, அதை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடவேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இலை ஆய்ந்தபின் எறியும் புதினாக் காம்பும், பொன்னாங்கண்ணித் தண்டும், அழுகத் தொடங்கிய தக்காளியின் விதையும், அரிசிச் சாக்கிலும் பெயிண்டு வாளியிலும் குடியேறின. அரிசி களைந்த நீரும் மீன் கழுவிய நீரும் சாக்கடைக்குப் போகாமல் மாடிப்படி ஏறின. ‘அக்கா, ரெண்டு கொத்து கருவேப்பிலை இருந்தா குடுங்களேன்’ என்று ஒரு மாடியிலிருந்து கேட்பதும், ‘இரும்மா, பறிச்சித் தரேன்’ என்று மறு மாடியிலிருந்து கயிற்றில் பை இறங்குவதும், எத்தனையோ ஆண்டுகளாக முகம் பாராதிருந்த அண்டை வீட்டாரிடையே புதிய உறவை உண்டாக்கின.

யாழ்ப்பாணத்து நிலை முற்றிலும் வேறு. அங்கே கட்டுப்பாடு நம்முடையதைவிடக் கடுமையானது. அபாயமுள்ள மாவட்டங்களுள் ஒன்றென்று வகைப்படுத்தப்பட்ட யாழ்ப்பாணத்தில், கடைக்குப் போய்வரும் சுதந்திரமே பல நாள் இல்லை. எனினும் அங்கே வீட்டுத் தோட்டம் புதிதாகத் தொடங்கவேண்டிய காரியமாக இருக்கவில்லை. வற்றாத ஆறு கிடையாத அந்தச் சுண்ணாம்புக்கல் பூமியில், ‘வளவு’ எனப்படும் வீட்டு நிலந்தோறும் ஒரு கிணறு. கிணற்றடியில் குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் வாய்க்கால் வழியே ஓடிச் சேர வாழையும், தேசி எனப்படும் எலுமிச்சையும். வேலியில் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும். அந்த வேலியையே கவனித்துப் பார்க்கவேண்டும். நம் மதில் எல்லையைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. ‘கதியால்’ எனப்படும் கிளைகளை நட்டு வளர்த்த அவர்களுடைய வேலியோ ஆட்டுக்குக் குழையும், தோட்டத்துக்குப் பசளையும், அடுப்புக்கு விறகும் தந்துகொண்டே எல்லையாகவும் நிற்கிறது. முசுட்டைக்கொடியும் குறிஞ்சாவும் அதன்மேல் தாமே படர்ந்து வறைக்கும் கஞ்சிக்கும் இலை கொடுக்கின்றன. ‘மாமி, முருங்கையிலை கொஞ்சம் ஒடிக்கட்டோ?’ என்று கேட்டுக்கொண்டே பிள்ளைகள் ‘பொட்டு’ எனப்படும் வேலி இடைவெளி வழியாக நுழைந்து வருவார்கள்; ‘ஓம் பிள்ளை, ஒடிச்சுக்கொண்டு போ’ என்ற பதில் அடுக்களைக்குள்ளிருந்தே வரும்.

இந்தப் பழக்கம் நிலத்தின் வளத்தால் மட்டும் வந்ததன்று. கஷ்டமும் ஒரு குருவாக இருந்து கற்பித்தது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாணத்து விவசாயி செழித்தான். நாட்டின் பிற பகுதிகளில் சோற்றுக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்கைத் தின்று பசியாறினார்கள். 1990க்குப் பின், உள்நாட்டுப் போரின்போது வந்த பொருளாதாரத் தடை அதைவிடக் கொடியது. மின்சாரம் அறவே இல்லை. மண்ணெண்ணெயும் பற்றரியும் உரமும் சவர்க்காரமும் தடைக்கு உள்ளாயின. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது. பனம்பழத்தின் களியால் துணி துவைத்தது. ஒடியல் எனும் காய்ந்த பனங்கிழங்கின் மாவால் கூழும் பிட்டும் ஆக்கி உண்டது. புதுச்சேரிக்கும் ஒரு முற்றுகை வந்ததுண்டு: இணைப்புக்கு முன், 1949 முதல், இந்தியச் சுங்கக் கட்டுப்பாடுகள் ஊரைச் சூழ்ந்து, 1954இல் மிகவும் இறுகின. ஆனால் அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியதும் அந்த நெருக்கடி தீர்ந்தது; ஒரு தலைமுறையின் நடத்தையை மாற்றுமளவுக்கு அது நீடிக்கவில்லை.

சிக்கனத்தின் சூக்ஷ்மத்தைக் காணவேண்டுமானால் சித்திரை வெயிலில் காயும் வடகத்தைப் பார்ப்பது போதும். பிரெஞ்சுச் சமையற்காரர்கள் வரையில் கீர்த்தி பெற்ற நம் தாளிப்பு வடகம், சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி, உளுத்தம்பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து செய்வது. பகலில் பரப்பிக் காயவைத்து, மாலையில் அள்ளிப் பிழிந்து உருண்டையாக்கி, பிழிந்த சாற்றையும் வீணாக்காமல் அதன்மேலேயே விட்டு, மறுநாள் மீண்டும் உதிர்த்துப் பரப்புவார்கள். நன்கு காய்ந்த ஓர் உருண்டையில் கிள்ளிய சிறு துண்டு ஒரு சட்டிக் குழம்புக்குப் போதும். வெங்காயம் மலிந்த காலத்து மணத்தை விலை ஏறும் காலத்துக்குச் சேமித்துவைக்கும் உபாயம் அது. அதே பருவத்தில் யாழ்ப்பாணத்தார், வேம்பின் கீழே துணி விரித்துப் பூவைச் சேர்த்து, ஊறிய உளுந்தும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் கூட்டித் தட்டையாகத் தட்டி, வேப்பம்பூ வடகம் காயவைப்பார்கள். நாம் வாங்கியதைப் பத்திரப்படுத்துகிறோம். அவர்கள் உதிர்ந்ததையும் உணவாக்குகிறார்கள். முடக்கக் காலத்தில் புதுச்சேரி மொட்டைமாடிகளில் வடகப் பாய்கள் மீண்டும் விரிந்ததைக் கண்டு நான் மனமார மகிழ்ந்தேன்.

ஆயினும் யாழ்ப்பாணத்து வடகத்துக்கும் அக்காலத்தில் சோதனை வந்தது. அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்த இலங்கை அரசு உளுந்து, மஞ்சள் முதலியவற்றின் இறக்குமதியை நிறுத்தியதால், உளுந்து விலை ஏறித் தோசையும் வடையும் அருமையாயின. மஞ்சளின் விலை பன்மடங்கு உயர்ந்து, தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கள்ளத்தனமாக மூட்டை மூட்டையாகக் கடத்தப்பட்டு, இரு நாட்டுக் காவற்படையினரிடமும் அகப்பட்டது. அங்குள்ள வீடுகளில் சாக்குப்பையிலே மஞ்சட்கிழங்கு நட்டு வளர்த்தபோது, இங்கே நாம் அதே மஞ்சளை வாசற்படிகளில் கிருமிநாசினியாகக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தோம்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். வீட்டுத் தோட்டம் எவ்வளவு உத்தமமானாலும் அது நெல் வயலுக்கு ஈடாகாது. இலங்கை அரசாங்கம் இதை மறந்தது. பத்து லட்சம் வீட்டுத் தோட்டங்கள் என்ற ‘சௌபாக்கியா’ திட்டம் நல்ல எண்ணத்தோடு வந்ததுதான். ஆனால் 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்துவதற்குள், விளைச்சல் வீழ்ந்துவிட்டது. 2022 ஜூனில், எரிபொருளும் இல்லாத நிலையில், அரசு ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டைவிட 94.9 விழுக்காடு உயர்ந்திருந்தது. குடும்பத் தலைவியின் சாமர்த்தியத்தை ராஜாங்கத்தின் பிழைக்குப் பரிகாரமாக்குவது நியாயமன்று. கீரையும் மிளகாயும் கறிவேப்பிலையும் தேசிக்காயும் வாழைப்பூவும் வளவு தரும். அரிசியும் பருப்பும் வயல் தரவேண்டும், அதை அரசு காக்கவேண்டும்.

அந்த எல்லைக்குள் வைத்துப் பார்த்தால், யாழ்ப்பாணம் நமக்கு மூத்த சகோதரி. அங்கே முடக்கம் நீங்கியபின்னும் முருங்கையும் முசுட்டையும் இருந்த இடத்திலேயே இருந்தன. இங்கே மார்க்கெட் திறந்ததும் செடி வைத்த சாக்குகளும் வாளிகளும் காய்ந்து மூலைக்குப் போயின. நம் ஜனங்களைச் சோம்பேறிகள் என்று பழிக்க நான் உடன்படேன். பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் ஈரமண்ணின் பாரத்தை ஏற்றினால் ஒழுகும். கோடையில் மாடிச் செடிக்கு இரு வேளை நீர் வேண்டும். வேலைக்குத் திரும்பியவர்களால் அது இயலாது. தரையில் வேரூன்றிய ஒரு மரத்துக்கு இந்த உபத்திரவம் எதுவும் இல்லை. ஆனால் தரையைத்தான் நாம் ஒழித்துவருகிறோம். பழைய வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழும்போது முற்றம் மறைகிறது, கிணறு தூர்கிறது, எஞ்சிய கொல்லையில் சிமெண்டுத் தளம் போட்டு இருசக்கர வாகனம் நிறுத்துகிறோம்.

புதுச்சேரியில் வீடு கட்டப்போகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வரைபடம் போடும் பொறியாளரிடம், கிணற்றடியை ஒட்டி நான்கடி அகலத்துக்காவது மண்தரையை விட்டுவைக்கச் சொல்லுங்கள், சமையலறைக் கழுநீர் அங்கே போய்ச் சேரும்படி ஒரு குழாய் வைக்கச் சொல்லுங்கள். ஆடி மாதத்துக் காற்றில் யார் வீட்டு முருங்கையாவது முறிந்து விழாமல் போகாது; அதில் ஒரு போத்தைக் கேட்டு வாங்கி அங்கே நட்டுவிடுங்கள்.