உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு கல்லறையை எப்படி வாசிப்பது?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் நெடுஞ்சாலையில், தக்கலைக்குச் சற்று முன்னால், புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது உதயகிரிக் கோட்டை. அதற்குள் கூரை போய்ச் சுவர்கள் மட்டும் நிற்கும் ஒரு சிறு தேவாலயம். திருவிதாங்கூர் படையின் ‘வலிய கப்பித்தான்’ டிலனாய் 1777 முதல் அங்கேதான் உறங்குகிறார். மனைவியும் மகனும் பக்கத்திலேயே. 1741-இல் டச்சுக் கம்பெனிப் படையோடு வந்து, குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, தன்னைச் சிறைப்பிடித்த அரசரான மார்த்தாண்ட வர்மரின் படைக்கே பயிற்சி கொடுத்தவர் என்ற வீரக்கதை நமக்குத் தெரிந்ததுதான். அந்தக் கதைக்கு ஏற்ற பிரம்மாண்டத்தைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். கதையைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்துவிட்டு, கல்லில் என்ன எழுதியிருக்கிறது, எதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் இந்த இடம் பேசத் தொடங்கும்.

முதலில் மொழியைக் கவனியுங்கள். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன, டச்சு இல்லை. டிலனாய் கத்தோலிக்கர் என்பதால் லத்தீன் அவருடைய திருச்சபையின் மொழி. தமிழோ அவர் வாழ்ந்து மறைந்த ஊரின் மொழி. அவரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்த கம்பெனியின் மொழிக்குக் கல்லில் இடமில்லை. லத்தீன் வாசகம் வழிப்போக்கரை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. சாலையோரக் கல்லறைகளுக்கு ரோமானியர் கைக்கொண்ட பழைய மரபு அது. பிறகு, திருவிதாங்கூர் படைக்குத் தலைமை தாங்கியவர், ஏறக்குறைய 37 ஆண்டுகள் மிகுந்த விசுவாசத்தோடு அரசருக்கு ஊழியம் செய்தவர், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை ஆயுத பலத்தாலும் அச்சத்தாலும் அடக்கியவர், 62 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்தார் என்கிறது. குளச்சல் என்ற பெயரே வரவில்லை. ஆனால் 1777-இலிருந்து அந்த 37 ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய குளச்சல் கரையில்தான் வந்து நிற்பீர்கள். அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் மன்னரிடம் சரணடையும் காட்சி ஓவியமாக இருக்கிறது. அரண்மனை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது தோற்ற நாளை. கல்லறை நினைவில் வைத்துக்கொண்டது அதற்குப் பிந்தைய ஊழியத்தை. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

கல்லறை வாசகம் என்றாலே புகழ்ச்சிதானே, அதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எதைப் புகழ்ச்சி என்று நினைத்தார்கள் என்பதும் ஒரு சான்றுதான். அண்டை நாடுகளை அச்சத்தால் அடக்கியதைத் தலைமாட்டிலேயே பெருமையாக எழுதியிருக்கிறார்கள். திருவிதாங்கூர் எப்படி விரிந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் வேண்டியதில்லை. ‘விசுவாசம்’ என்ற சொல்லையும் லேசாகக் கடந்துவிடக் கூடாது. அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் கதையைச் சொல்லி மனத்தைத் திருப்பியவர் டிலனாய் என்பது கத்தோலிக்க மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமான அவரை, அதே திருவிதாங்கூர் அரசு 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றது. நண்பரைக் கொன்ற அரசின் படைக்கு டிலனாய் மேலும் 25 ஆண்டுகள் தலைமை தாங்கினார். மகன் ஜொஹான்னசும் அதே அரசுக்காக 1765-இல் களக்காட்டுப் போரில் மடிந்தார். இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அந்த ஒற்றைச் சொல் தாங்கும் பாரம் புரியும்.

இன்னொரு மறுப்பும் உண்டு: அந்நியத் தளபதி ஒருவரின் கல்லறையை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? கொண்டாடச் சொல்லவில்லை, வாசிக்கத்தான் சொல்கிறேன். மேலும், இவர் நாட்டைப் பிடித்து ஆண்டவர் அல்லர். கைதியாக வந்து உள்ளூர் அரசர் ஒருவரின் சம்பளத்தில் இருந்தவர். அவர் மேற்பார்வையில் கருங்கல்லால் பலப்படுத்தப்பட்ட இந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்த்தார்கள். கொத்தும் வார்ப்பும் இந்த மண்ணின் மக்களுடைய உழைப்பு. அதனால் கோட்டைச் சுவரையும் கல்லறையையும் சேர்த்தே பாருங்கள்.

காலையிலோ மாலையிலோ போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் கட்டி வரி தெளியும். படிக்க வரவில்லை என்று சுண்ணாம்புக்கட்டியால் தேய்க்கவோ தண்ணீர் ஊற்றவோ வேண்டாம், அது கல்லைக் கெடுக்கும். பார்த்து முடித்ததும் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்துக்கும் போய்வாருங்கள். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் அடக்கமாகியிருப்பது அங்கேதான்.