கொம்பிரசரின் பெருமூச்சு

மாத்தளையில் ஏ9 வீதியோர டயர் கடைகளில் கொம்பிரசர் இரைவதைக் கேட்டிருப்பீர்கள். வீட்டுக்கு வாங்கி வைத்தவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது அது நிற்கும் கணம்: 'புஸ்' என்று ஒரே மூச்சு, பிறகு அமைதி. அந்த மூச்சு ஓயாமல் பிரஷர் சுவிட்சடியில் சீறிக்கொண்டே இருந்தால், பலர் சுவிட்சையே மாற்றிவிடுகிறார்கள். வீண் செலவு! பெரும்பாலும் குற்றவாளி தாங்கி வாயிலில் உள்ள ஒருவழி வால்வுதான். அதன் வழியே காற்று திரும்பி வருகிறது. கழற்றினால், உள்ளே சின்ன வட்டில் கரியும் அழுக்கும் ஒட்டியிருக்கும். சில வேளை துடைத்தாலே போதும். மற்றக் கசிவுகளைச் சவர்க்கார நுரை காட்டிக்கொடுக்கும். மழைக்கால ஈரக்காற்றில் தாங்கியடியில் தண்ணீர் தேங்கி, உள்ளே துருவேறும், அதுதான் ஆபத்து. வேலை முடிந்ததும் அடித்திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். எதைக் கழற்றுமுன்னும் பிளக்கைப் பிடுங்கி, காற்றை முழுதாக இறக்குங்கள்.